மணியாச்சிக் கதையும் மணியாச்சி வழக்கும்

ஜூன் 17 நெருங்கும்போதெல்லாம் நெல்லைச் சீமையின் கைப்பேசிகளில் ஒரு கதை வந்து விழுகிறது. தாழ்த்தப்பட்ட சமூகத்துக் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி பிரசவ வலியில் துடிக்கிறாள். அவளை ஏற்றிய வண்டியை அக்கிரகாரத் தெரு வழியே விட மறுக்கிறார்கள். கலெக்டர் ஆஷ் அவளைத் தன் வண்டியில் ஏற்றி, அதே தெரு வழியாக மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார். அந்த ஆத்திரத்தில் வாஞ்சி அய்யர் ஆஷைச் சுட்டுக் கொல்கிறார். படிப்பவர் நெஞ்சு கொதிக்கிறது. கொதித்த வேகத்தில் அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுகிறார். வேறு சில குழுக்களில் இதற்கு நேரெதிரான கதை ஓடுகிறது. அதில் வாஞ்சி மாசுமருவற்ற தெய்வப் பிறவி. அவர் விட்டுச்சென்ற கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்ற பேச்சே எழாது.

இரண்டு கதைகளையும் பரப்புகிறவர்கள் ஒருவரையொருவர் பகைவராக நினைக்கிறார்கள். ஆனால் வழக்கைப் படிக்காமலே தீர்ப்புச் சொல்வதில் இரு தரப்பும் ஒன்று. இது நம்மை அச்சுறுத்துகிறது. ஏன் என்பதை விளக்கவே இந்தத் தலையங்கம்.

1911 ஜூன் 17 காலையில் மணியாச்சி சந்திப்பில் நடந்தது ஒரு கொலை. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் தன் மனைவியோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டு, தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காக மணியாச்சியில் ரயில் பெட்டியில் காத்திருந்தார். செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சி, பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால் அவரைச் சுட்டார். நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். வாஞ்சிக்கு அப்போது வயது 25. திருவிதாங்கூர் வனத்துறையில், புனலூரில் வேலை பார்த்தவர். அவர் சட்டைப் பையில் கடிதம் இருந்தது. அதன்பின் சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி அர்னால்டு ஒயிட், அய்லிங், சங்கரன் நாயர் ஆகிய மூவர் அமர்வில் மாதக் கணக்கில் விசாரணை நடந்து, 1912 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது.

கர்ப்பிணிப் பெண்ணின் கதைக்கு இந்த ஆவணங்களில் சான்று ஏதும் கிடையாது. கொஞ்சம் நிதானமாக யோசிப்போம். அப்படி ஒன்று நடந்திருந்தால் அதை நீதிமன்றத்தில் முழங்கியிருக்க வேண்டியவர் அரசு வக்கீல். இறந்துபோன அதிகாரியின் இரக்கத்தையும் கொன்றவர்களின் கீழ்மையையும் ஒரே அடியில் நிறுவ அவருக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் கிடைத்திருக்காது. அவர் வாய் திறக்கவில்லை. கொன்றவர் தன் காரணத்தைத் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். அதிலும் இது இல்லை. ஆஷைப் பற்றிய காகிதங்களை ஆண்டுக்கணக்கில் தேடி ‘ஆஷ் அடிச்சுவட்டில்’ என்ற நூலை எழுதிய ஆ. இரா. வேங்கடாசலபதியைப் போன்றவர்களின் உழைப்பு ஒரு பக்கம் கிடக்க, பெயரில்லாத ஒருவர் எழுதிய பத்து வரி ஊரையெல்லாம் சுற்றுகிறது.

வாஞ்சியைக் கொண்டாடுகிறவர்களும் அந்தக் கடிதத்தை முழுதாகப் படிக்க வேண்டும். அதில் அந்நிய ஆட்சியின் மீது கோபம் இருக்கிறது. சனாதன தர்மம் அழிகிறது என்ற குமுறலும் இருக்கிறது. ஆங்கிலேய மன்னரை இழித்துரைக்க, மாட்டிறைச்சி உண்பவர் என்பதையே அது வசவாக எடுத்துக்கொள்கிறது. மாட்டிறைச்சி உண்ணும் இலட்சக்கணக்கான தமிழர் நடுவில் நின்று அந்தக் கடிதத்தை இன்று படிக்கிறோம். அந்த வரி வலிக்கிறது, வலிக்கத்தான் வேண்டும். அதை மறைத்துவிட்டு மாலை போடுவது நேர்மை ஆகாது.

இது நூறாண்டுக்கு முந்தைய சங்கதி, இப்போது எதற்குப் பதற்றம் என்று கேட்கலாம். நாங்குநேரியை நினைத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்டில், பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த தலித் மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. மாணவர் கையில் கட்டும் சாதி நிறக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்று ஒரு நீதிபதி பரிந்துரைக்க வேண்டிய நிலையில் நம் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. அந்தக் கயிறு கட்டிய கையில்தான் கைப்பேசியும் இருக்கிறது. உன் முன்னோரை அவன் முன்னோர் இப்படிச் செய்தார்கள் என்று சொல்லும் எந்தக் கதையும், உண்மையோ பொய்யோ, அந்தக் கையில் வெறும் கதையாக நிற்காது.

உண்மையில் நம் மண்ணில் ஒரு ரகசியச் சங்கம் இருந்தது. வாஞ்சி சேர்ந்திருந்த பாரத மாதா சங்கம். அதன் கதை எந்த நாவலுக்கும் குறைந்ததல்ல. ஆனால் நாவல்கள் காட்டுவதுபோல் அது இருக்கவில்லை. அதைத்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

1908 மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி எரிந்தது. நகராட்சி அலுவலகம், தபாலாபீஸ், காவல் நிலையம் எல்லாம் தீக்கிரையாயின. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். ஊர் மீது தண்டவரி விழுந்தது. அந்த ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில்தான் குறைந்தது. அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி நொடித்தது. வெளிப்படையாகப் பேசிய வாய்கள் எல்லாம் அடைபட்ட அந்த இருட்டில், சீர்காழிப் பக்கத்து எருக்கூரிலிருந்து வந்த நீலகண்ட பிரம்மச்சாரி தென்காசி, செங்கோட்டை, தூத்துக்குடி, புனலூர் என்று சுற்றி ஆள் சேர்த்தார். காளி படத்தின் முன் சத்தியம் செய்தார்கள். குங்குமம் கரைத்த நீரை வெள்ளையர் ரத்தமாகப் பாவித்துக் குடித்தார்கள். விரலைக் கீறி ரத்தத்தால் ரேகை வைத்தார்கள். அப்ரூவராக மாறியவர் கூண்டில் நின்று சொன்னவை இவை. தண்டனைக்குப் பயந்து அரசுப் பக்கம் சாய்ந்த ஒருவரின் வாக்குமூலம் என்பதால், அதையும் ஒரு கண்ணை இடுக்கித்தான் படிக்க வேண்டும்.

குற்றம் சாட்டப்பட்ட 14 பேர் யார்? சினிமாவில் வரும் ரகசியச் சபையில் கோடீசுவரர்களும் மந்திரிகளும் முகமூடி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நம் சங்கத்தில் இருந்தவர்கள் சமையல்காரர்கள், காய்கறி வியாபாரி, பானை விற்றவர், வக்கீல் குமாஸ்தா, பள்ளிக்கூட வாத்தியார், வயலை நம்பிப் பிழைத்தவர்கள். உலகை ஆட்டிப்படைக்கும் வலிமை இவர்களிடம் இல்லை. ஊர்க் கச்சேரியில் நிமிர்ந்து நிற்கும் வலிமையைக்கூட ஆட்சி இவர்களிடமிருந்து பறித்திருந்தது. அய்யர்களும் அய்யங்கார்களும் பிள்ளைமாரும் சேர்ந்த கூட்டம் அது. அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டிருந்த மக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. இதுவும் வழக்குக் காகிதத்திலேயே தெரிகிற உண்மை. இதைச் சொல்லப் புதிதாய்க் கதை கட்ட வேண்டியதில்லை.

நீலகண்டருக்கு 7 ஆண்டு கடுங்காவல். அவரோடு சேர்த்து 9 பேருக்குத் தண்டனை. ஆஷ் கொலைக்கு உடந்தை என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. அரசுக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி செய்தார்கள் என்பதே நிலைத்தது. நீதிபதி சங்கரன் நாயர் மற்ற இருவரோடு முழுதும் ஒத்துப்போகாமல் தனித் தீர்ப்பு எழுதினார். கைதுக்கு அஞ்சி, செங்கோட்டைத் தர்மராஜ அய்யரும் புளியரை வெங்கடேசுவர அய்யரும் தற்கொலை செய்துகொண்டார்கள். மணியாச்சியில் வாஞ்சியோடு இருந்ததாகச் சொல்லப்பட்ட மாடசாமியைப் போலீஸ் கடைசிவரை பிடிக்கவில்லை. ‘கப்பலோட்டிய தமிழன்’ படம் 1961இல் வந்தபோது ஜெமினி கணேசன் அந்த மாடசாமியாக நடித்தார். ஆவணம் கைவிட்ட இடத்தில் சினிமா நுழைவது இயல்பு. அதில் தவறில்லை. ஆனால் அதைச் சரித்திரம் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்த தலைமுறைக்கு, உண்மையான மாடசாமியைப் பற்றி நமக்குத் தெரிந்தது எவ்வளவு குறைவு என்பதை யாரும் சொல்லவில்லை.

வாஞ்சியின் கடிதம் இன்னொன்றும் சொன்னது: மூவாயிரம் பேர் சத்தியம் செய்திருக்கிறார்கள் என்று. அரசு வலைவீசித் தேடிக் கூண்டில் நிறுத்த முடிந்தது 14 பேரை. ரகசியச் சங்கம் தன்னைப் பெரிதாக்கிக் காட்டும். அதைப் பிடிக்க வந்த அரசும் அதைப் பெரிதாக்கிக் காட்டும். இருவருக்கும் அதில் ஆதாயம் உண்டு. 1918இல் ரௌலட் குழு எழுதிய அறிக்கையில் சென்னை மாகாணத்துக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கி, ஆஷ் கொலையையும் சேர்த்தார்கள். அந்த அறிக்கையைக் காட்டித்தான் மறு ஆண்டு ரௌலட் சட்டம் வந்தது. சட்டத்தை எதிர்த்த கிளர்ச்சி நாட்டை ஜாலியன்வாலா பாக் வரை கொண்டுபோனது. புளியரையிலும் புனலூரிலும் ஒரு சிறு கூட்டம் செய்த சத்தியத்தை, ஒரு நாட்டையே வாய்ப்பூட்டுப் போடுவதற்கான காரணமாக மாற்றிக் காட்டினார்கள்.

இது முதல் முறையும் அல்ல. 1830களில் வில்லியம் ஸ்லீமன் ‘தக்’ என்ற கொள்ளைக் கூட்டத்தாரை வேட்டையாடினார். 1839இல் மெடோஸ் டெய்லர் ஒரு தக்கின் ஒப்புதல் வாக்குமூலம்போல் ஒரு நாவல் எழுதினார். இங்கிலாந்து அதை விழுந்து விழுந்து படித்தது. இந்தியக் காடுமேடெல்லாம் பரம்பரைக் கொலைகாரர்களின் ரகசியக் கூட்டங்கள் திரிகின்றன என்ற எண்ணம் ஆள்கிறவர்கள் புத்தியில் ஊறியது. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. ஆஷ் செத்த அதே 1911இல் அது திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கள்ளர், மறவர் என்று தென் மாவட்டத்துச் சமூகங்கள் பிறப்பாலேயே குற்றவாளிகளாகப் பதிவாயின. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். ரகசியக் கூட்டம் பற்றிய கதைக்குக் கொடுத்த விலை அது. அந்த மக்களின் பேரப்பிள்ளைகளே இன்று இன்னொரு சமூகத்தைப் பற்றிய சதிக் கதையைக் கேள்வி கேட்காமல் பகிர்வதைப் பார்க்கும்போது மனம் ஆறவில்லை.

ஐரோப்பாவில் நடந்தது இன்னும் கொடியது. 1868இல் ஹெர்மன் கோட்ஷே என்ற ஜெர்மானியர் ஒரு நாவலில், யூதப் பெரியவர்கள் பிராகு நகரக் கல்லறையில் நள்ளிரவில் கூடி உலகை வளைக்கத் திட்டமிடுவதாக ஒரு காட்சி வைத்தார். முழுக் கற்பனை. நாளடைவில் அந்தக் காட்சி நாவலிலிருந்து பிய்ந்து உண்மைச் செய்தியாக உலவியது. 1903இல் ரஷ்யப் பத்திரிகை ஒன்றில் யூதச் சதியின் நடவடிக்கைக் குறிப்பு என்ற பெயரில் ஒரு போலி ஆவணம் வெளிவந்தது. 1921இல் லண்டன் டைம்ஸ் அதை அம்பலப்படுத்தியது: அதன் கணிசமான பகுதி 1864இல் மூன்றாம் நெப்போலியனைத் தாக்கி மொரீஸ் ஜோலி எழுதிய பிரெஞ்சு நூலிலிருந்து திருடியது. அம்பலமான பிறகும் ஹிட்லர் அதை நம்பச் சொன்னார். ஜெர்மனி நம்பியது. அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட கொடுமைக்கு உரமிட்ட பொய்களில் அதுவும் ஒன்று.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் யூடியூபில் மணிக்கணக்கில் இலுமினாட்டி பார்க்கிறார்கள். அந்தப் பெயரில் உண்மையில் ஒரு சங்கம் இருந்தது. 1776 மே 1 அன்று பவேரியாவின் இங்கோல்ஸ்டாட்டில் ஆதாம் வைஸ்ஹாப்ட் என்ற பேராசிரியர் தொடங்கியது. பத்தாண்டு தாண்டுவதற்குள் அரசு தடைபோட்டு ஒடுக்கியது. அதற்கு மறு உயிர் கொடுத்தவை நாவல்கள். டான் பிரவுனின் நாவல்கள் கோடிக்கணக்கில் விற்றன. ‘டா வின்சி கோட்’ நாவலில் நடுநாயகமாக வரும் பண்டைய ரகசியச் சபை, 1956இல் பியேர் பிளாந்தார் என்ற பிரெஞ்சுக்காரர் பதிவு செய்த ஒன்று. பழமைக்குச் சான்றாகக் காட்டிய காகிதங்கள் போலி. நாவலாசிரியர் கற்பனை செய்யட்டும். அதைத் தமிழில் எடுத்துப் பேசுகிறவர்கள் கற்பனை என்று சொல்வதில்லை. அங்கேதான் ஆபத்து.

ஆபத்து தமிழ்நாட்டிலேயே ரத்தமும் சதையுமாக வந்துபோயிருக்கிறது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது, அது அந்நியச் சதி என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே பயந்தார்கள். முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல் ஊருக்குள் நுழைந்துவிட்டது என்ற வதந்தி வட மாவட்டங்களில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டியை ஊரே கூடி அடித்துக் கொன்றது. குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்டு வந்தவர் அவர். எந்தக் கும்பலும் இல்லை.

நல்ல புனைவு நம்மிடம் நிறைய இருக்கிறது. அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ‘பொன்னியின் செல்வ’னில் திருப்புறம்பயம் பள்ளிப்படையில் பாண்டிய ஆபத்துதவிகள் கூடிச் சபதம் எடுக்கும் இடத்தைப் படித்து உறைந்துபோகாத தமிழ் வாசகர் உண்டா? காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு சொல்வது மிகக் கொஞ்சம்: ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர், அவர்கள் சொத்தும் உறவினர் சொத்தும் பறிக்கப்பட்ட செய்தி. ஏன் கொன்றார்கள் என்று கல் சொல்லவில்லை. நாவலில் வரும் நந்தினி, அதை எழுதிய கல்கியின் படைப்பு. கல்வெட்டு எங்கே முடிகிறது, கல்கி எங்கே தொடங்குகிறார் என்பதை வகுப்பறையில் ஒரு மணி நேரம் பேசினால் போதும். அந்தப் பிள்ளைகள் நாவலை இன்னும் ரசித்துப் படிப்பார்கள். வதந்தியையும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

சாதியைக் கேள்வி கேட்க வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். அந்த நோக்கத்தில் நாமும் உங்களோடு நிற்கிறோம் என்பதால் சொல்கிறோம். வாஞ்சிக்குப் புதுச்சேரியில் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவர் என்று பேசப்படும் வ.வே.சு. அய்யர் பின்னாளில் சேரன்மாதேவியில், தாமிரபரணிக் கரையில், குருகுலம் நடத்தினார். காங்கிரஸ் அதற்கு ஐயாயிரம் ரூபாய் கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிச் சாப்பாடு என்பது வெளியே தெரிந்ததும் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் போர்க்கொடி தூக்கினார்கள். தமிழ்நாட்டு அரசியலின் திசையே மாறியது. அய்யர் 1925 ஜூனில், அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய், பாபநாசத்தில் உயிர்விட்டார். விடுதலைக்காகத் துப்பாக்கி தூக்கிய தலைமுறைக்குள் சாதி எப்படி வேரோடியிருந்தது என்பதற்கு அச்சில், ஆளோடு, தேதியோடு சான்று சேரன்மாதேவியில் இருக்கிறது. அந்தச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு கட்டுக்கதையை எதற்குத் தூக்க வேண்டும்? நாளை அந்தக் கதை பொய் என்று நிறுவப்படும்போது, சேரன்மாதேவியும் பொய்தான் என்று சொல்ல எதிராளிக்கு வழி திறந்துவிடும்.

அரசின் பொறுப்பும் பெரிது. மணியாச்சி ரயில் நிலையத்துக்கு வாஞ்சி பெயரைச் சூட்டினோம். செங்கோட்டையில் மணிமண்டபம் இருக்கிறது. ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையிலும் நினைவு மண்டபம் தூத்துக்குடியிலும் நிற்கின்றன. ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் எழுந்திருக்கிறது. சிவகளையில் கிடைத்த நெல்மணிக்கு 3,155 ஆண்டு வயது என்று அறிவித்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். ஆனால் வெறும் நூற்றுச் சொச்சம் ஆண்டுக்கு முந்தைய வழக்கின் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில், மலிவுப் பதிப்பாக, ஊர்ப்புற நூலகம்வரை போய்ச் சேரவில்லை. பழைய திருநெல்வேலி இன்று மூன்று மாவட்டம். மணியாச்சி தூத்துக்குடியில், செங்கோட்டை தென்காசியில், கல்லறை நெல்லையில். புனலூர் கேரளத்தில், துப்பாக்கி பழகியதாகச் சொல்லப்படும் இடம் புதுச்சேரியில். எல்லோருக்கும் சொந்தமான வழக்கு, கடைசியில் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் போயிற்று. அந்த வெற்றிடத்தில்தான் வாட்ஸ்அப் வந்து உட்கார்ந்தது.

செய்ய வேண்டியவை நம் சக்திக்கு மீறியவை அல்ல. தமிழ்நாடு ஆவணக் காப்பகம் சங்கரன் நாயரின் தனித் தீர்ப்பையும் சேர்த்து வழக்கின் தீர்ப்பு, வாஞ்சியின் கடிதம், அப்ரூவர்களின் வாக்குமூலம் ஆகியவற்றைத் தமிழில் ஒரே தொகுதியாக வெளியிட வேண்டும். சேரன்மாதேவிக் குருகுலத் தகராறு பற்றி அன்றைய பத்திரிகைகள் எழுதியவற்றையும் அதனோடு சேர்க்கலாம். பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் இந்த வழக்குக்கென்று ஒரு அறை வேண்டும். வாஞ்சியின் பக்கமும் ஆஷின் பக்கமும் வெளியே நிறுத்தப்பட்ட மக்களின் பக்கமும் அதில் இருக்க வேண்டும். ஆசிரியர்களே, உங்கள் மாணவன் ஒரு கதையோடு வந்தால் திட்டாதீர்கள். இதை முதலில் எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார், சம்பவம் நடந்த காலத்தில் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று அவனையே தேடச் சொல்லுங்கள். பெற்றோரே, குடும்பக் குழுவில் வரும் கதையைப் பிள்ளை பார்ப்பதற்கு முன் நீங்கள் கேள்வி கேளுங்கள்.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி ஆட்சியர்கள் மூவருக்கும் பள்ளிக் கல்வித் துறைக்கும் இந்த வேண்டுகோளை வைக்கிறோம். அடுத்த ஜூன் 17 வருவதற்குள் 1912 பிப்ரவரித் தீர்ப்பைத் தமிழில் அச்சிட்டு, மூன்று மாவட்டங்களின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி நூலகம் ஒவ்வொன்றுக்கும் அனுப்புங்கள்.